கையெழுத்தை எழுத்துருவாக்குவோம்



தாயகத்தை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டைகளும், நீல நிறத்து இன்லண்டுக் கடிதங்களும், ஓரம் மடங்கிய நிழற்படங்களும் அதனுள்ளே கிடக்கும். படமொன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், இன்னார் திருமணம், இன்ன மாதம் என்று ஒருவர் மையால் எழுதிவைத்திருப்பார். அவர் நம் தாயாராக இருக்கலாம். பாட்டியாராகவோ அத்தையாராகவோ இருக்கலாம். படத்தில் நிற்பவர் யார் என்பதை நாம் மறந்துபோயிருப்பினும், எழுதியவர் யார் என்பதை எழுத்தைக் கண்டவுடனே சொல்லிவிடுகிறோம். முகத்திற்கு உள்ள தனித்தன்மை கையெழுத்திற்கும் உண்டு.

இத்தகைய படங்களையும் அழைப்பிதழ்களையும் பழைய ரயில் சீட்டுகளையும் ஒழுங்காகத் தொகுத்து, அருகே இரண்டொரு வரி எழுதி, குடும்ப நினைவு ஏடு ஒன்றை அமைப்பது நல்ல பழக்கம். பலர் அதைச் செய்துவருகின்றனர். ஆனால், படத்தின் கீழ் வரும் வரிகளைக் கணினியில் தட்டச்சு செய்து ஒட்டும்போது, கடைப் பெயர்ப்பலகையிலும் வங்கிச் சீட்டிலும் காண்கின்ற அதே எழுத்தே அங்கும் வந்து அமர்ந்துவிடுகிறது. வீட்டு ஏட்டில் வீட்டாரின் எழுத்தே இருத்தல் கூடாதா? கூடும். நம்மவர் ஒருவரின் கையெழுத்தையே, கணினியில் தட்டச்சு செய்யத்தக்க எழுத்துருவாக நாமே ஆக்கிக்கொள்ளலாம். அதனை ஆக்குவது எவ்வாறு, எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தலாகாது என்பனவற்றை இன்று காண்போம்.

முதலில் ஒரு செய்தி. தமிழெழுத்து முதன்முதலாக அச்சுருவம் பெற்றது எங்கே என்று எண்ணுகிறீர்கள்? சென்னையில் அன்று, மதுரையிலும் அன்று. 1577-ஆம் ஆண்டில் கோவாவில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. மறு ஆண்டு, 1578-இல், கொல்லத்தில் மேலும் எழுத்துகள் வார்க்கப்பட்டு, என்றீக்கே என்றீக்கசு என்னும் பாதிரியார் போர்த்துகீசியத்திலிருந்து மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் அங்கேயே அச்சாயிற்று. இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால், கேரளத்துக் கடற்கரையிலே தமிழ் அச்சு பிறந்தது. ஆகவே, வெளி மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு தமிழுக்கு ஓர் எழுத்துருவை ஆக்க முனைவது புதுமையன்று. அது பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே. அந்நாளைய அச்செழுத்துகளும் கையால் எழுதிய வடிவங்களைப் பார்த்து வார்க்கப்பட்டவையே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனிச் செயல்முறைக்கு வருவோம். தமிழில் எழுத்துகள் 247 என்று படித்திருக்கிறோம். அத்தனையையும் எழுதி வாங்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டுவதில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, ஆக 31. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்னும் நான்கும் தனித்து நிற்கும் குறிகள். அவற்றை ஒருமுறை எழுதினாற் போதும். மெய்யெழுத்துக்கு வேண்டிய புள்ளியும் ஒன்றே. இதுவரை 36 ஆயிற்று. கொம்பும் காலும் சேர்ந்தால் ஒகர ஓகார வரிசைகள் கிடைத்துவிடும். ஔகார வரிசையில் பின்னே நிற்கும் குறி, ளகரத்தின் வடிவமே.

எஞ்சியவை நான்கு வரிசைகள். இகர ஈகாரங்களில் மேல்விலங்கு உடலோடு ஒட்டிப் பிறக்கிறது. அச்சில் அதனைத் தனியே வைத்து ஒட்டலாம். கையெழுத்தில் அவ்வாறு செய்தால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். ஆதலின் அவ்விரண்டு வரிசைக்கும் 36 வடிவங்கள் வேண்டும். உகர ஊகாரங்களோ எழுத்துக்கு எழுத்து வேறுபடுகின்றன. ஙு, சு, பு, யு, வு என்னும் ஐந்தில் கோடு கீழே இறங்குகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு என்னும் ஆறில் கோடு வளைந்து உடலைத் தழுவுகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு என்னும் ஏழில் கீழே சென்று மடங்கி மேலேறி நிற்கிறது. இவற்றுக்கும் 36. ஆக மொத்தம் 108 வடிவங்கள். இந்த நூற்றெட்டைக் கொண்டு 247-ஐயும் ஆக்கிவிடலாம்.

நம் வீட்டுப் பெயர்களை எழுத ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்பவையும் தேவைப்படலாம். அவற்றோடு எண்களும், காற்புள்ளி முற்றுப்புள்ளி முதலிய நிறுத்தக்குறிகளும் வேண்டும். எழுதுபவர் முதியவராயின், ஒரே நாளில் அனைத்தையும் எழுதச் சொல்லித் துன்புறுத்தலாகாது. நாளுக்கு இருபது எழுத்தென்று ஒரு வாரத்தில் முடிக்கலாம். நல்ல வெண்தாளில் இரண்டு சென்டிமீட்டர் சதுரக் கட்டங்களை மெல்லிய நீல வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். மேற்கோடும் அடிக்கோடும் அக்கட்டத்திலேயே தெரிய வேண்டும். இல்லையேல் எழுத்துகள் பின்னர் ஒரே மட்டத்தில் நில்லா. அவர் வழக்கமாக எழுதும் பேனாவையே கொடுங்கள். மை கறுப்பாக இருத்தல் நலம். ஒவ்வோர் எழுத்தையும் மும்முறை எழுதச் செய்தால் தேர்ந்துகொள்ள வசதியாகும். முதல் எழுத்தில் கவனம் மிகுந்திருக்கும். இயல்பான வடிவம் பெரும்பாலும் அடுத்தவற்றில்தான் வரும்.

எழுதியவர் இன்று நம்மிடையே இல்லாவிடில் யாது செய்வது? பழைய கடிதங்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி எடுக்கலாம். நான்கைந்து கடிதங்கள் இருந்தாற்கூட, நாள்தோறும் வழங்கும் எழுத்துகள் கிடைத்துவிடும். ஙகர வரிசையின் பெரும்பகுதி எந்தக் கடிதத்திலும் வாராது; அதனால் நமக்கு இழப்பும் இல்லை. கிடைக்காத சில வடிவங்களை மட்டும், அவர் எழுதிய வேறு எழுத்துகளின் உறுப்புகளைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம். எவ்வாறாயினும், மூலக் கடிதத்தைக் கத்தரித்தல் கூடவே கூடாது. அதன் படியே நமக்குப் போதும்.

தாள்களை அங்குலத்திற்கு 600 புள்ளி என்னும் நுட்பத்தில் வருடியால் படமாக்கிக்கொள்ள வேண்டும். நீலக் கட்டங்களைக் கணினியில் நீக்கிவிட்டால் கருமை மட்டும் எஞ்சும். பின்னர் இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளால் அப்படத்தின் விளிம்பைத் தடம் பிடித்து வளைகோடுகளாக மாற்றலாம். வளைகோடாக மாறிய எழுத்தை எத்துணை பெரிதாக்கினும் அதன் விளிம்பு சிதைவதில்லை. அவ்வடிவங்களை ஃபாண்ட்ஃபோர்ஜ் என்னும் மற்றோர் இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாக அவற்றிற்குரிய அறையில் இட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன்னாளில் பலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களைக் குடியேற்றி எழுத்துரு செய்தனர். செய்வதற்கு அது எளிது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நாம் எழுதியதெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. நம் எழுத்தை அந்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். அவ்வாறு வைத்தால், நம் பேரப்பிள்ளைகள் எந்தக் கணினியில் திறப்பினும், எழுத்துரு தொலைந்துபோயிருப்பினும், சொற்களாவது தமிழாகவே நிற்கும்.

ஒருங்குறியில் 'கு' என்பதற்குத் தனியிடம் இல்லை. ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும். அவ்விரண்டும் சேர்ந்து வந்தால் இந்த வடிவத்தைக் காட்டுக என்னும் மாற்று விதியை எழுத்துருவுக்குள் நாம் எழுதிவைக்க வேண்டும். முன்சொன்ன 108-இல் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளைச் சேர்ந்த 72 வடிவங்களுக்கும் இத்தகைய விதி ஒவ்வொன்று தேவை. 'கெ' என்பதில் கொம்பு முன்னே வர வேண்டுமே என்று அஞ்ச வேண்டா. கொம்பை இடம் மாற்றி முன்னே வைக்கும் வேலையைக் கணினியின் எழுத்தமைப்பு முறை தானே பார்த்துக்கொள்ளும்.

இதன் பின்னர் இடைவெளி. எழுத்துக்கு எழுத்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதே கையெழுத்தின் பாதி அழகு. சிலர் நெருக்கி எழுதுவர்; சிலர் அகல விட்டு எழுதுவர். மூலக் கடிதத்தின் ஒரு வரியை அருகில் வைத்துக்கொண்டு, அதே வரியைப் புது எழுத்துருவில் தட்டச்சு செய்து, இரண்டும் ஒத்த நீளத்தில் வரும்வரை இடைவெளியைத் திருத்துங்கள். பொறுமை வேண்டும் இடம் இதுவே.

முதுமக்களின் எழுத்தைக் கொண்டு பணிசெய்யும்போது இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பெரியார் ஈ.வெ.ரா. 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் கையாண்டுவந்த வடிவங்கள் அதற்கு அடிப்படை. அதற்கு முன்னர் பள்ளியில் பயின்றவர்கள் ணை, லை, ளை, னை என்னும் நான்கையும் யானைத் துதிக்கை போலத் தலைமேல் எழுந்து வளையும் கோட்டோடு எழுதுவர். ணா, றா, னா என்னும் மூன்றிலும் துணைக்கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு சுழிந்து கூடியிருக்கும். இவற்றின் ஒகர ஓகாரங்களையும் சேர்த்து மாறியவை பதின்மூன்று. இவற்றுள் ஏழு வடிவங்களை எழுதி வாங்கினாற் போதும். கொம்பு சேர்ந்து மற்ற ஆறும் தாமே அமையும். இப்பழைய வடிவங்களைப் புதியனவாகத் திருத்திவிடாதீர்கள். பள்ளிப் புத்தகத்திற்குப் புதிய வடிவமே தக்கது. குடும்ப ஏட்டிலோ, 'மலை' என்னும் சொல்லில் பாட்டியார் வரைந்த துதிக்கையைப் பேரப்பிள்ளை காணட்டும். எழுத்தும் காலத்தோடு மாறிவந்தது என்பதை அப்பிள்ளை அங்கேதான் முதன்முதலாக அறியும்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்வது இவ்விடத்தில் பொருந்தும். உடன்பிறந்தார் மூவருமாகச் சேர்ந்து எங்கள் பெரிய அத்தையாரின் எழுத்தை எடுக்க முனைந்தோம். டில்லியில் இருந்த எங்கள் தந்தையாருக்குத் திங்கள்தோறும் கடிதம் எழுதியவர் அவரே. நாங்கள் பிறந்ததும் ஊருக்குச் சென்றதும் அவருடைய கடிதங்களிலே பதிந்துள்ளன. இப்பொழுது அவருக்கு எண்பத்து நான்கு வயது. கட்டத்தாளைக் கொடுத்தோம். கை நடுங்கிற்று, கோடுகள் அலைபோல் வந்தன. நாங்கள் அவற்றைக் கணினியில் இழுத்து நேராக்கி, வட்டங்களை வட்டமாக்கி, அழகிய எழுத்துரு ஒன்றைச் செய்து அச்சிட்டுக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்தார். "நன்றாக இருக்கிறது, அப்பா. ஆனால் இது என் கை இல்லையே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினது போல இருக்கிறது" என்றார்.

எங்களுக்கு நாணமாயிற்று. நாங்கள் திருத்தியது எழுத்தை மட்டுமன்று என்பது அப்போது புலப்பட்டது. பின்னர் எங்களுக்குள்ளே ஒரு வழக்கு எழுந்தது. பழைய கடிதங்களில் உள்ள இளமைக் காலத்து எழுத்தை எடுப்பதா, இன்று நடுங்கும் கையால் எழுதியதை எடுப்பதா? தங்கை முன்னதை விரும்பினாள். முடிவில் அத்தையாரையே கேட்டோம். "உங்கள் அப்பாவுக்கு எழுதினது அந்தக் கை. இந்தக் குழந்தைகளுக்கு எழுதுவது இந்தக் கைதானே" என்று சொன்னார். ஆகவே இரண்டு எழுத்துருக்கள் செய்தோம். தந்தையார் காலத்துப் படங்களுக்குக் கடிதத்து எழுத்து. பேரக்குழந்தைகளின் படங்களுக்கு இன்றைய எழுத்து. நடுக்கத்தில் ஒரு கோட்டையும் நாங்கள் மீண்டும் தொடவில்லை.

அவருடைய ரகரம் துணைக்காலைப் போலவே இருக்கும். பழைய ஓலைகளிலும் இவ்விரண்டும் ஒன்றுபோல் இருந்தமையை அறிந்தோர் அறிவர். எங்கள் வீட்டுச் சிறுவன் முதலில் தடுமாறினான். நான்காம் பக்கத்திற்குள் பழகிக்கொண்டான். பள்ளியில் அவன் பயில்வது இந்தியும் ஆங்கிலமும். வீட்டிலே தமிழ் பேசுவான். படிப்பதற்கு அவனுக்கு முன்பு காரணம் இருந்ததில்லை. தன்னைத் தூக்கி வைத்திருப்பவர் யார் என்று படத்தின் கீழ் எழுதியிருப்பதை அறிய வேண்டும் என்னும் ஆவல் அவனுக்குக் காரணமாயிற்று. நூற்றெட்டுக் கட்டங்களையும் அத்தையார் எழுதும்போது அருகிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் பெயர் சொல்லி அழைத்தவனும் அவனே. வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை அறிமுகம் செய்ய இதைவிட இனிய வாய்ப்பு எளிதிற் கிட்டாது.

இனி, எங்கே பயன்படுத்தலாகாது என்பது. எழுத்துரு ஆகிவிட்டபின், ஒருவர் எழுதாத சொல்லையும் அவர் எழுதியதுபோலக் காட்டும் ஆற்றல் நம் கைக்கு வந்துவிடுகிறது. இது சிறிய பொறுப்பன்று. பெயர், ஊர், நாள் போன்ற குறிப்புகளை அவ்வெழுத்தில் இடுவதில் தவறில்லை. அவர் சொல்லாத வாழ்த்தையும் ஆசியையும் அறிவுரையையும் அவர் கையால் எழுதியதுபோல் இடுதல் நேர்மையன்று. மறைந்தவரின் எழுத்தாயின் இன்னும் விழிப்பு வேண்டும். இன்று அறியாப் பிள்ளை நாளை அதனை உண்மைக் கடிதம் என்றே நம்பிவிடும். ஆதலின் ஏட்டின் கடைசிப் பக்கத்தில், இன்னாரின் கையெழுத்திலிருந்து இன்ன ஆண்டில் இவ்வெழுத்துரு ஆக்கப்பட்டது, வரிகளை எழுதியவர் இன்னார் என்று அச்செழுத்தில் குறித்துவிடுக. கையொப்பத்தை எழுத்துருவில் சேர்க்கவே வேண்டா. வாழ்பவராயின் அவர் இசைவைப் பெறுதல் வேண்டும்; எழுத்துருவை வெளியாருக்கு வழங்குமுன் மீண்டும் ஒருமுறை கேட்டல் வேண்டும்.

எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ள விரும்பினால், திறந்த உரிமம் உடைய நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றிலிருந்து எடுக்கலாம். உரிம வாசகத்தை உடன் வைத்தலும், முன்னவர் தமக்கென ஒதுக்கிக்கொண்ட பெயர் இருப்பின் அதனை நம் எழுத்துருவுக்குச் சூட்டாமையும் முறை.

ஏடு அமைப்பதைப் பற்றி ஒரு சில சொற்கள். கையெழுத்து எழுத்துருவை நீண்ட கட்டுரைக்குப் பயன்படுத்தினால் கண் களைக்கும். ஒரு படத்திற்கு மூன்று வரி போதும். அச்செழுத்தைவிடச் சற்றுப் பெரிதாக, 16 அல்லது 18 புள்ளி அளவில் அச்சிடுக. அமிலம் நீக்கிய தாளே நெடுநாள் மஞ்சளிக்காமல் நிற்கும். சாய மையைவிட நிறமி மை எளிதில் வெளிறாது. படங்களைப் பசையாலோ ஒட்டும் நாடாவாலோ ஒட்டாமல், நான்கு மூலைகளையும் தாள் மூலைப்பிடிகளில் செருகிவைக்க வேண்டும். வேண்டும்போது எடுத்துப் பின்புறத்து மூல எழுத்தைப் படிக்க அதுவே வழி. படத்தின் பின்புறத்தில் புதிதாக எழுத வேண்டின் மென்மையான பென்சிலால் எழுதுக. பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்புறத்தில் வடுவாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும், வருடிய படங்களையும், கட்டத்தாள்களையும் ஒருவரிடம் மட்டும் வைக்காமல், குடும்பத்தில் இரண்டு மூன்று வீடுகளில் பிரித்து வைத்தல் நன்று.

எழுத்துரு வந்துவிட்டபின் மூலக் கடிதம் எதற்கு என்று எண்ணிவிடலாகாது. எழுத்துருவில் ஒவ்வொரு ககரமும் ஒரே ககரம். கடிதத்திலோ, மகிழ்ச்சியில் எழுதிய ககரம் வேறு. அவசரத்தில் எழுதியது வேறு. செய்தி சொல்ல மனமின்றி எழுதியது வேறு. அந்த வேறுபாட்டை எந்தக் கருவியும் பிடித்துத் தாராது. எழுத்துரு, பெட்டியைத் திறக்க நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் சாவி. பெட்டியுள் உள்ள பொருள் கடிதங்களே.

அன்பர்களே, இந்த வாரத்தில் விடுமுறை நாள் ஒன்றில் அந்தத் தகரப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். வீட்டில் முதியவர் இருப்பின், நல்ல பேனா ஒன்றையும் கட்டம் போட்ட தாளையும் அவர் முன்னே வைத்து, அகரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். கணினி வேலையைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எழுதி வாங்கும் வேலையை மட்டும் நாளைக்கென்று தள்ள வேண்டா.